சிலாவத்தைக் காற்றும் ஒரு கம்பியூட்டரும்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
28.04.2024

தம்பி கொலின்சுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. குளிர் ஊரில், மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் நித்திரை என்று இருப்பவனுக்கு என்ன குறை? நீ துறவியாகப் போகிறேன் என்று பண்டாரவளைக்கு பஸ் ஏறிய நாளில் இருந்து உனக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அம்மாவின் கடிதங்களில் 'அக்காவும் சுகம் கேட்டா' என்று இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. அது அம்மா தானாகப் போட்டது.

இப்போது எழுதுவதற்குக் காரணமும் நீ இல்லை. நீ சாமான் சாமானாய் வாங்கிப் பூட்டித் தந்துவிட்டுப் போன கம்பியூட்டர்தான் காரணம். அது நின்று நின்று போகிறது. கொழும்பில் இருந்து பிரேமிளா மிஸ்ஸின் அலுவலகம் அனுப்பும் வீட்டுப் பிளான்களை, கட்டி முடித்த வீடு மாதிரிப் படமாக்கிக் கொடுப்பதுதானே என் வேலை. கடைசிப் படம் எடுக்கும்போது பெட்டி மணிக்கணக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். போன கிழமை ஒரு வீட்டின் குசினி வரைக்கும் வந்தது. பிறகு டப்பென்று கறுத்துப் போனது. சூடு தொண்ணூற்றெட்டு பாகை செல்சியஸ். எனக்கு அவ்வளவு காய்ச்சல் வந்திருந்தால் நீயே வந்து கடைசி நற்கருணை தந்திருப்பாய்.

பிரேமிளா மிஸ் நல்ல மனுசி. ஆனால் அவாவுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. "நிதர்சனா, நீங்கள் கொழும்புக்கே வாங்கோ. ஏசி அறை, நல்ல மெசின், தங்க இடமும் பார்த்துத் தாறன். ஜூன் முடியிறதுக்குள்ள சொல்லுங்கோ" என்றா. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா கிணற்றடியில் விழுந்ததில் இருந்து பொல்லை ஊன்றித்தான் நடக்கிறா. அது ஒரு காரணம். மற்றக் காரணம் உனக்கு மட்டும் சொல்கிறேன்: எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது. யன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற அறையில் இருந்துகொண்டு ஆரோ பணக்காரருக்கு மாடி வீடு கட்டிக் கொடுக்க எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். போட் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "போறதெண்டால் போ பிள்ளை, நான் மறிக்கமாட்டன்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு.

எனவே கேள்வி ஒன்றுதான். இந்தப் பெட்டி இந்த வீட்டில் ஒழுங்காக ஓடினால் நான் இங்கே. ஓடாவிட்டால் கொழும்பு. வவுனியாவில் நீ சாமான் வாங்கிய கடைச் சிவகரனிடம் ஃபோனில் கேட்டேன். "அக்கா, ஃபேனை எறிஞ்சுபோட்டுத் தண்ணிக் கூலர் போடுங்கோ, கம்பியூட்டருக்கு ஏசி போட்ட மாதிரி இருக்கும்" என்றான். எனக்கும் அது சரியென்றே படுகிறது. தண்ணீர் என்றால் இந்த உப்புக் காற்று உள்ளே வராதுதானே? நீ ஃபேன் போட்டதே பிழை என்று நினைக்கிறேன். ஒரு வருடத்துக்கு ஃபோன் இல்லை என்று உங்கள் இல்லத்தில் சட்டம் போட்ட சுவாமியைப் பிடித்து உலுக்க வேண்டும். பதிலைக் கடிதத்திலாவது கெதியாய் எழுது.

கோபம் இன்னும் தீராத
அக்கா நிதர்சனா


பண்டாரவளை,
07.05.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கையெழுத்தைக் கவரில் கண்டதும் முட்டைக்கோசுப் பாத்தியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். திட்டுத்தான் இருக்கும் என்று தெரியும். திட்டாவது வந்ததே என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். மெய்யாகவே சொன்னேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நீங்கள் வாசிக்க மாட்டீர்கள்.

தண்ணீர் சூட்டை இல்லாமல் செய்வதில்லை அக்கா. புரொசசரின் தலையில் இருந்து சூட்டைச் சுமந்து கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. அந்த ரேடியேட்டரின் தகடுகளுக்கு முன்னாலும் ஃபேன் நின்று ஊதத்தான் வேண்டும். அந்த ஃபேனுக்கும் சிலாவத்தைக் காற்றுத்தான். அப்பாவின் போட் எஞ்சினோடு வைத்துப் பார்த்தேன். அது கடல் தண்ணீரை உறிஞ்சி, சூட்டோடு வெளியே துப்பிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்கும். எங்கள் பெட்டிக்குக் கடல் இல்லை. உள்ளே இருக்கிற ஒரு கோப்பைத் தண்ணீரே சுற்றிச் சுற்றி வரவேண்டும். கீழே படம் வரைந்திருக்கிறேன், சிரிக்காதேங்கோ. இங்கே பென்சில் மட்டும்தான் உண்டு.

நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. தண்ணீர்க் கூலரில் சத்தம் குறைவு, அது உண்மை. சடாரென்று ஏறுகிற சூட்டை அது நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் ஒரு பம்ப் இருக்கிறது. அது ஒருநாள் நிற்கும். நின்றால் ஆர் திருத்துவது? கரண்ட் வந்து வந்து போகிற வீட்டில் அது எத்தனை வருடம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கசிந்தால் முழுப் பெட்டியும் போகும். ஃபேன் பழுதானால் வவுனியா பஸ்ஸில் ஒரு ஃபேன் வரும், நீங்களே நாலு திருகாணியைக் கழற்றிப் போடலாம். எனக்கு இவ்வளவுதான் தெரியும். முடிவு உங்களுடையது.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நான் விட்டுவிட்டு வரும்போது அது எழுபதைத் தாண்டவில்லை. மூன்று நாலு மாதத்தில் தொண்ணூற்றெட்டு என்றால் கூலரில் பிழை இல்லை, வேறு ஏதோ நடக்கிறது. எதையும் வாங்க முதல் பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, கூலரின் தகடுகளுக்கு இடையே டோர்ச் அடித்துப் பாருங்கோ. இன்னொன்று. அம்மா பெட்டிக்கு மேலே மடு மாதாவின் படத்தை வைத்திருப்பா. சூடு வெளியே போகிற வாசலே அந்த இடம்தான். மாதாவை மரியாதையாகச் சுவருக்கு ஏற்றுங்கோ. இப்படி எழுதிய முதல் நவதுறவி நானாகத்தான் இருப்பேன்.

இனி மற்றது. நான் வெளிக்கிட்ட அன்று நீங்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலை செய்வது போல இருந்தீர்கள். திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் திரையில் ஒன்றும் ஓடவில்லை அக்கா. வாசலில் நின்று நான் அதைக் கண்டேன். கறுப்புத் திரையில் உங்கள் முகம் தெரிந்தது. அதனால் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. அந்த வீட்டைப் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள் என்ற துணிவில்தான் என்னால் பஸ் ஏற முடிந்தது. அதற்கு நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அன்புத் தம்பி
கொலின்ஸ்


சிலாவத்தை,
27.05.2024

தம்பி கொலின்சுக்கு,

திரை சும்மா இருந்ததைக் கண்டனியோ? கள்ளன். கண்டுவிட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். அந்தப் பக்கத்தை அம்மா வாசித்துவிடக் கூடாது என்று என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

சிவகரனுக்குத் தண்ணீர்க் கூலர் அனுப்பு என்று சொல்லப் போன கிழமைதான் உன் கடிதம் வந்தது. சொல்லவில்லை. மாதாவைச் சுவருக்கு ஏற்றினேன். அம்மா கேள்வி கேட்டா. "கொலின்ஸ் சொன்னவன்" என்றதும் வாயை மூடிவிட்டா. துறவியின் அக்காவாக இருப்பதில் அப்படியும் ஒரு வசதி.

பிறகு நீ சொன்ன மாதிரித் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். கொலின்ஸ், அந்தத் தகடுகளுக்கு இடையே காற்றுப் போக ஓர் ஊசி இடமும் இல்லை. கறுப்பாய், பிசுபிசு என்று, தூசியும் எண்ணெயும் சேர்ந்த ஒரு களி. விரலை வைத்தால் விரல் ஒட்டுகிறது. ஃபேனின் இலைகளிலும் அதேதான். வெறும் தூசி என்றால் எனக்கு விளங்கும். எண்ணெய் எங்கே இருந்து வந்தது?

என் அறைக்குப் பக்கத்தில் குசினிதானே, மீன் பொரிக்கிற புகைதான் என்று முடிவு கட்டி அம்மாவோடு சண்டை பிடித்தேன். அம்மாவுக்கு ரோசம் வந்து கிழமை முழுக்க மீன் பொரிக்கவில்லை. அப்பா சொதியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் எழும்பிப் போனார். நான் பஞ்சும் ஸ்பிரிற்றும் எடுத்துக் குந்தியிருந்து ஒவ்வொரு தகடாகத் துடைத்தேன். முதுகு விட்டுப் போனது. ஆனால் சூடு எழுபத்தைந்துக்கு வந்தது! பாதியில் நின்ற வீட்டை முடித்து அனுப்பினேன். அன்று உன்னைத் திட்டியதெல்லாம் வாபஸ். நீ பூட்டித் தந்த பெட்டியில் பிழை இல்லை. உனக்கு நன்றி, போதுமா?

சந்தோசம் ஞாயிறு வரைக்கும்தான். காலைப் பூசை, பிறகு நான் மறைக்கல்வி வகுப்பு எடுத்து முடிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், வழமை போல. இன்று திங்கள் காலையில் திறந்து பார்த்தால் தகடெல்லாம் திரும்ப எண்ணெய் மினுங்குகிறது. அம்மா மீன் பொரிக்கவேயில்லை, கொலின்ஸ். பாவம், அவாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மீன் பொரிக்கிறா, ஆனால் என் தட்டில் தலையைத்தான் போடுகிறா.

எண்ணெய் கூலரில் இருந்தே ஒழுகுமா? அதற்குள் எண்ணெய் ஏதும் இருக்கிறதா? அப்படி என்றால் நான் தண்ணீருக்கே மாறுகிறேன். பிரேமிளா மிஸ் நேற்றும் கேட்டா. ஜூன் வரப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்ல முடியாது. சொல்ல நீ இருக்கிறாய் என்பதே பெரிய விசயம்.

அக்கா


பண்டாரவளை,
04.06.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைத் தியான நேரத்துக்கு முதல் வாசித்திருக்கக் கூடாது. தியானம் முழுக்க அந்த எண்ணெய்தான். முடியும்போது எனக்கு விடை தெரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயிற்சிக்குப் பொறுப்பான சுவாமி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது.

கூலரில் எண்ணெய் இல்லை, ஒழுகவும் இல்லை. அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் ஆரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிய நீங்களும் அம்மாவும் வகுப்பு முடியும்வரை கோயிலடியில். வீட்டில் ஆர்? அவர் ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வார்?

நான் வெளிக்கிடுவதற்கு முதல் நாள் அப்பா அறைக்கு வந்தார். நான் பெட்டியைத் திறந்து கடைசியாக ஒருமுறை தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று நிறைய நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இந்தத் தகடுகளுக்கு உப்புக் காத்து ஒத்துக்கொள்ளுமோ?" எனக்கு உடுப்பு அடுக்குகிற அவசரம். "இல்லையப்பா, கறள் பிடிக்கும்" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான் கதை. அவர் கேட்டதையே நான் மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை.

உப்பு என்றால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே. ஞாயிறுதோறும் எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவி, எண்ணெய் பூசி வைப்பது. இதைக் கழுவக் கூடாது என்று எப்படியோ அவருக்கு விளங்கியிருக்கிறது. அதற்கும் ஆண்டவருக்கு நன்றி.

நீங்கள் 'அவ்வளவுதான் அவருக்கு' என்று எழுதியிருந்தீர்கள். போ என்று சொன்ன மனுசன் ஞாயிறு தவறாமல் அந்தப் பெட்டிக்கு எண்ணெய் போட்டிருக்கிறார், அக்கா. இதற்கு மேலே நான் ஒன்றும் எழுதமாட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தாலும், தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கோ. அவர் கைவைத்ததெல்லாம் எஞ்சின்தான், இதுவரை ஒன்றையும் பழுதாக்கியதில்லை.

கூலர் விசயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்தப் பழையது இனிச் சரிவராது. களி அடியில் இறங்கியிருக்கும். புதிதாக ஒன்று வேண்டும், தண்ணீரோ காற்றோ. உங்களுக்குத் தேவை எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அங்கே இல்லை. அதை எழுதும்போது கொஞ்சம் கஸ்டமாகத்தான் இருக்கிறது.

தம்பி கொலின்ஸ்


சிலாவத்தை,
23.06.2024

என் அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசி. முட்டைக்கோசுப் பாத்தியில் வைத்து வாசிக்காதே.

போன ஞாயிறு வகுப்பை, என்னோடு படிப்பிக்கிற சுமித்திராவிடம் விட்டுவிட்டு, அம்மாவையும் கோயிலடியில் இருத்திவிட்டு, நான் மட்டும் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அறை யன்னலால் பார்த்தேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் பாய் விரித்து இருக்கிறார். பெட்டி பாயில் படுத்திருக்கிறது. பிளக் கழற்றியிருக்கிறது. கழற்றிய ஆணிகள் ஒரு சோசரில். பக்கத்தில் எஞ்சின் எண்ணெய்ப் போத்தல். கையில் ஒரு கோழி இறகு. இறகின் நுனியை எண்ணெயில் தொட்டு, போத்தல் வாயில் வழித்துவிட்டு, ஒவ்வொரு தகடாகத் தடவுகிறார். அம்மா விழுந்த நேரம் அவாவின் காலுக்குத் தைலம் போட்டாரே, அதே கை. நான் யன்னலடியில் நின்று அழுதேன். சும்மா சொல்லவில்லை, மூக்கு ஒழுக அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னப்பா செய்யிறியள்?"

திடுக்கிட்டுப் போனார். "இல்லைப் பிள்ளை, கறள் பிடிச்சிடும். தம்பி சொன்னவன்."

"எப்ப துவங்கினியள்?"

"அவன் போன கிழமை தொடக்கம். அவன் இல்லைத்தானே, பிறகு ஆர் பாக்கிறது?"

மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் "இதுக்கு எண்ணெய் கூடாதப்பா. தூசி ஒட்டிக் களியாப் போச்சு. அதுதான் சூடாகி நிக்குது" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

கையில் இருந்த இறகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப, உன்னைக் கொழும்புக்கு அனுப்பப் பார்த்தது நான்தானோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஓமப்பா, நீங்கள்தான்" என்றேன். "ஆனா இஞ்ச பாருங்கோ. இந்தப் பெட்டியில ஓர் ஆணி கறள் இல்லை. கரையில இருந்து வாற பெட்டி எல்லாம் கறளாலதான் போறது எண்டு சிவகரனே சொன்னவன்." அது பொய் இல்லை. அவன் முதலே ஃபோனில் சொன்னதுதான். அப்பா சோசரில் இருந்து ஓர் ஆணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் ஆறுதல் வந்தது.

"நீ எங்களுக்காண்டி நிக்கிறாய் எண்டு நினைச்சன். அது கூடாதெண்டுதான் போ எண்டனான்."

"நான் எனக்காண்டித்தானப்பா நிக்கிறன்" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இவ்வளவு நீளமான கதை நடந்து வருடக்கணக்காகிறது.

செவ்வாய்க்கிழமை நானும் அவரும் வவுனியாவுக்கு பஸ் ஏறினோம். சிவகரன் தண்ணீர்க் கூலரை எடுத்து மேசையில் வைத்தான். வடிவான சாமான், உள்ளே நிறம் நிறமாக லைட் எரிகிறது. மனம் கொஞ்சம் இழுபட்டது. சத்தம் இல்லாமல் பிரேமிளா மிஸ்ஸோடு கதைக்கலாம் என்றும் நினைத்தேன். அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இது நிண்டால் இவள் கழட்டிப் பாக்கலாமோ?" சிவகரன், "ஐயோ, அதைத் திறக்கேலாது ஐயா. கொழும்புக்கு அனுப்பவேணும்" என்றான். எனக்கு அத்தோடு முடிவு வந்தது. நீ அங்கே இருப்பாய், தம்பி. இனி விடுமுறைக்குத்தான் வருவாய். அதை நான் இப்போதுதான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு, பழுதானால் நானே கழற்றிப் பூட்டக்கூடிய சாமான்தான் வேண்டும். இரண்டு ஃபேன் வைத்த பெரிய காற்றுக் கூலரை வாங்கினேன். நானே பூட்டினேன். முதல் தரம் ஃபேனை மறுபக்கம் திருப்பிப் பூட்டிவிட்டேன், அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். இரண்டாம் தரம் சரி. மத்தியானம், தகரச் சீற் கூரை கொதிக்கிற நேரம், சோளகக் காற்று மண்ணை அள்ளி எறிகிற நேரம், முழு வீடு ஒன்றைப் படமாக்கினேன். அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. சத்தம் கொஞ்சம் இருக்கிறது. போட் கரைக்கு வருகிற மாதிரி ஒரு சத்தம், எனக்குப் பழகிவிடும்.

உப்பும் மண்ணும் என்ன செய்வது என்று கேட்பாய். அதை அப்பா பொறுப்பெடுத்துவிட்டார். பழைய நுளம்பு வலைத் துணியை வெட்டி, வலை பொத்துகிற ஊசியால் ஓரம் தைத்து, பெட்டியின் முன் வாசலுக்கு அளவாக ஒரு மூடி செய்திருக்கிறார். காற்று உள்ளே போகும், மண் போகாது. எண்ணெய்க்குப் பதிலாக இனி ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுவதுதான் அவருடைய வேலை. தண்ணீரும் வேண்டும் என்று சொன்ன என் வாக்கும் வீண்போகவில்லை, பார். கடலால் வந்ததும் தேத்தண்ணி கேட்பதற்கு முதல், "இண்டைக்குச் சூடு எவ்வளவு?" என்று கேட்கிறார். எனக்குச் சின்ன வயதில் முத்துமாரி அம்மை போட்டுக் காய்ச்சலாய்க் கிடந்த நேரமும் இப்படித்தான் கேட்டாராம். அம்மா சொல்லிச் சிரிக்கிறா. என் தட்டில் இப்போது நடுத்துண்டு விழுகிறது.

உனக்கு நன்றி, கொலின்ஸ். பெட்டியைப் பூட்டித் தந்ததற்கு. அதைத் திறந்து பார் என்று சொன்னதற்கு. அப்பா உன்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை எனக்கு எழுதியதற்கு மிகவும். நீ விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகிற அன்று நான் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வருவேன். ஹெட்ஃபோன் இல்லாமல்.

நேற்றுப் பிரேமிளா மிஸ்ஸுக்கு எடுத்து, நான் வரவில்லை, இங்கிருந்தே செய்கிறேன் என்று சொன்னேன். படங்களைப் பார்த்தவாதானே, சரி என்றா. இன்று பூசை முடிய வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கிணற்றடியில் நின்று அந்தத் துணியை அலசிக்கொண்டிருந்தார். துணியை உதறிக் கொடியில் போட்டார். உள்ளே பெட்டி மூடி இல்லாமல் இருப்பதை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்ப இன்னொண்டும் தைக்கவேணும் பிள்ளை. ஒண்டு காயேக்க மற்றதைப் போடலாம்."

அன்பு அக்கா
நிதர்சனா